மருத்துவச் சான்று இல்லாமல் கொலையை நிரூபிக்க முடியுமா? சட்டமும் ஷரீஅத்தும் சொல்வது என்ன?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

ஒரு மரணச் செய்தி வந்தால் நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, "ஜனாஸா எப்போது? லுஹருக்கா, அஸருக்கா?" என்பதுதான். ஜனாஸாவைத் தாமதப்படுத்தாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சில மரணங்களில் மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள், கழுத்தில் ஏதோ தடம் இருந்ததாகத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். உறவினர் ஒருவர், "நேற்று இரவு வரை நன்றாகத்தானே இருந்தார்" என்கிறார். அதற்குள் கப்ர் மூடப்பட்டுவிடுகிறது. சில மாதங்கள் கழித்து அந்தச் சந்தேகம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது. அப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லையே, இனி கொலை என்று எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் தரும் பதிலை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். மருத்துவச் சான்று இல்லாமலும் கொலையை நிரூபிக்க முடியும். ஆனால் அது மிகவும் குறுகலான பாதை.

நிரூபிக்க வேண்டியவை எவை?

ஒரு கொலை வழக்கில் அரசுத் தரப்பு மூன்று விஷயங்களை நிலைநாட்ட வேண்டும். ஒன்று, ஒருவர் இறந்துவிட்டார். இரண்டு, அந்த மரணம் இயற்கையானதோ தற்கொலையோ விபத்தோ அல்ல. பிறர் செயலால் நேர்ந்தது. மூன்று, அந்தச் செயலைச் செய்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் இவர்தான். கொலைக்குரிய எண்ணத்துடனோ அறிவுடனோ செய்தார். மருத்துவர் பெரும்பாலும் உதவுவது இரண்டாவது விஷயத்தில்தான். காயம் எப்படிப்பட்டது, எந்த ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம், உடலில் விஷம் உண்டா, இறந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்வார். யார் செய்தது என்பதைப் பொதுவாக அவரால் சொல்ல முடியாது.

சட்டத்தின் பார்வையில் மருத்துவரின் கருத்து ஒரு நிபுணரின் கருத்து. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இது 39ஆம் பிரிவு. நிபுணரின் கருத்து நீதிபதிக்குத் துணை செய்யும், அதுவே தீர்ப்பாகிவிடாது. நம்பத்தகுந்த ஒருவர், "என் கண் முன்னால் வெட்டினான், அங்கேயே விழுந்து இறந்தார்" என்று சாட்சி சொன்னால், மருத்துவக் கருத்தில் சிறு முரண் இருப்பதால் மட்டும் அந்தச் சாட்சியம் தள்ளப்படாது. அவர் சொன்னபடி நடந்திருக்கவே முடியாது என்னும் அளவுக்கு மருத்துவச் சான்று எதிராக இருந்தால்தான் கண்கண்ட சாட்சி சந்தேகத்துக்கு உள்ளாகும். உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது.

ஆகவே நேரடிச் சாட்சி இருக்கும் வழக்குகளில் சிக்கல் குறைவு. கண்ணால் கண்டவரும் இல்லை, மருத்துவச் சான்றும் இல்லை என்னும் வழக்குகள்தான் நீதிபதிகளைச் சோதிப்பவை.

விஷம் கிடைக்காத வழக்கு

அப்படி ஒரு வழக்கு அனந்த் சிந்தாமன் லாகு எதிர் பம்பாய் மாநிலம். லாகு புனேயைச் சேர்ந்த மருத்துவர். வசதி படைத்த ஒரு விதவைப் பெண்ணுக்கு அவர் சிகிச்சை அளித்து வந்தார். அந்தப் பெண்ணுக்கு நீரிழிவு நோய் இருந்தது. 1956 நவம்பர் 12 இரவு அவரைச் சிகிச்சைக்காகப் பம்பாய்க்கு ரயிலில் அழைத்துச் சென்றார். மறுநாள் அதிகாலை ரயில் நிலையத்தில் இறங்கியபோது அவர் சுயநினைவின்றி இருந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றே இறந்துபோனார். பல நாட்கள் கழித்து நடந்த பிரேதப் பரிசோதனையில் விஷம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நீரிழிவால் ஏற்பட்ட மயக்கமே காரணம் என்றுதான் அறிக்கை சொன்னது.

மருத்துவச் சான்றை மட்டும் பார்த்தால் இது இயற்கை மரணம். ஆனால் லாகு நடந்துகொண்ட விதம் வேறு கதை சொன்னது. மருத்துவமனையில் அந்தப் பெண்ணின் பெயரை மாற்றிக் கொடுத்தார். நோய் பற்றித் தவறான தகவல் தந்தார். இறந்த பிறகு உடலை உரிமை கோராமல் விட்டுவிட்டார். உறவினர்களுக்கு மரணத்தை மறைத்தார். அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டு தொலைதூரத்தில் வாழ்கிறார் என்று காட்டும் கடிதங்கள், இறந்துபோனவர் எழுதியவை போல உறவினர்களுக்கு வந்தன. அவருடைய சொத்துகள் ஒவ்வொன்றாக லாகுவின் கைக்குப் போயின.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959 டிசம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எம். ஹிதாயத்துல்லாஹ். பிற்காலத்தில் இந்தியாவின் முதல் முஸ்லிம் தலைமை நீதிபதியானவர் அவர்தான். விஷக் கொலை வழக்கில் இறந்தவர் விஷத்தால் இறந்தார், குற்றம் சாட்டப்பட்டவரிடம் விஷம் இருந்தது, அதைக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது என்பவை நிரூபிக்கப்பட வேண்டும் என்பதே பொது விதி. ஆயினும் உடலில் தடயம் விடாத விஷங்கள் உண்டு; அவற்றை அறிந்த ஒரு மருத்துவர் ஆய்வகத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது; சூழ்நிலைகள் அனைத்தும் சேர்ந்து ஒரே முடிவைக் காட்டினால் அந்த முடிவுக்கு நீதிமன்றம் வரலாம் என்பது பெரும்பான்மையின் நிலைப்பாடு. மரண தண்டனை உறுதி செய்யப்பட்டது.

ஆனால் அதே அமர்வில் இருந்த நீதிபதி ஏ.கே. சர்க்கார் உடன்படவில்லை. மரணம் இயற்கைக்கு மாறானது என்பதே ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். ஒரே ஆவணங்களைப் பார்த்த மூன்று நீதிபதிகள் ஒன்றுபட முடியாத வழக்கு இது. மருத்துவச் சான்று இல்லாத பாதை எவ்வளவு குறுகலானது என்பதற்கு இதுவே சாட்சி.

விஷம் கிடைத்தும் விடுதலை

இதற்கு நேர் எதிரான வழக்கு 1984இல் வந்த ஷரத் பிர்திசந்த் சார்தா எதிர் மகாராஷ்டிர மாநிலம். திருமணமாகிச் சில மாதங்களே ஆன இளம்பெண் 1982 ஜூனில் புனேயில் இறந்தார். உடலில் பொட்டாசியம் சயனைடு இருந்தது. மரணத்தின் காரணம் பற்றி ஐயமே இல்லை. செஷன்ஸ் நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமோ அவரை விடுதலை செய்தது. காரணம், அந்தப் பெண் எழுதியிருந்த கடிதங்கள் அவருடைய மனவேதனையைக் காட்டின. அவரே விஷத்தை அருந்தியிருக்கலாம் என்னும் வாய்ப்பை அரசுத் தரப்பால் அகற்ற முடியவில்லை.

இந்தத் தீர்ப்பில் நீதிபதி சையது முர்தஸா ஃபஸல் அலி தொகுத்துத் தந்த ஐந்து கோட்பாடுகள் இன்றுவரை ஒவ்வொரு சூழ்நிலைச் சாட்சிய வழக்கிலும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றின் கருத்து இது:

1. குற்றத்தைக் காட்டும் ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். "இருக்கலாம்" என்பது போதாது.

2. நிரூபிக்கப்பட்டவை அவர் குற்றவாளி என்னும் முடிவோடு மட்டுமே பொருந்த வேண்டும்.

3. அச்சூழ்நிலைகள் ஐயத்துக்கு இடம் தராத உறுதியான தன்மை கொண்டிருக்க வேண்டும்.

4. வேறு எந்த விளக்கத்துக்கும் அவை இடம் தரக்கூடாது.

5. கண்ணி விடுபடாத சங்கிலியாக அமைந்து, இவர்தான் செய்தார் என்று காட்ட வேண்டும்.

இரு வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். விஷம் கிடைக்காதபோது தண்டனை வந்தது. விஷம் கிடைத்தபோது விடுதலை வந்தது. தீர்மானித்தது ஆய்வக அறிக்கை அல்ல. மாற்று விளக்கத்துக்கு இடம் இருந்ததா இல்லையா என்பதுதான்.

உடலே கிடைக்காவிட்டால்?

1660இல் இங்கிலாந்தின் கேம்ப்டன் என்னும் ஊரில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல் போனார். அவருடைய வேலைக்காரர், தன் தாயும் சகோதரனும்தான் அவரைக் கொன்றார்கள் என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்தார். உடல் கிடைக்கவில்லை. ஆயினும் வேலைக்காரர், தாய், சகோதரன் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். 1662இல் ஹாரிசன் உயிரோடு ஊர் திரும்பினார்!

இத்தகைய கொடுமை நேரக்கூடாது என்பதற்காகத்தான், உடல் கிடைக்காமல் கொலைக்குத் தண்டிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை அந்நாட்டு நீதிபதி மேத்யூ ஹேல் வலியுறுத்தினார். ராமானந்த் எதிர் ஹிமாசலப் பிரதேசம் வழக்கில் 1981இல் நம் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விளக்கியது. ஹேல் சொன்னது எச்சரிக்கைக்கான நெறிதானே தவிர, மீறவே முடியாத சட்டம் அல்ல; உடலை அழித்துவிட்டவன் அதனாலேயே தப்பிவிடக் கூடாது; ஆனால் மரணம் நிகழ்ந்தது என்பதற்கு வேறு நம்பகமான சான்று வேண்டும் என்பதே அதன் சாரம்.

வீட்டுக்குள் நடந்த மரணம்

கணவன், மனைவி இருவர் மட்டும் இருந்த வீட்டில் மனைவி இறந்து கிடந்தால் சாட்சி யார்? இங்கே சாட்சியச் சட்டத்தின் பழைய 106ஆம் பிரிவு, இன்றைய 109ஆம் பிரிவு வருகிறது. ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தியை அவர்தான் விளக்க வேண்டும் என்கிறது அது. திரிமுக் மரோட்டி கிர்கன் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. ஆனால் கொலை என்பதை முதலில் காட்டும் கடமையிலிருந்து அரசுத் தரப்பை இந்தப் பிரிவு விடுவிக்காது என்று 1956லேயே ஷம்புநாத் மெஹ்ரா வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது. கணவர் சொன்ன விளக்கம் பொய்யாக இருந்தாலும், ஏற்கெனவே முழுமையான சங்கிலிக்கு அது இன்னொரு கண்ணியாகலாமே தவிர, அறுந்த சங்கிலியை ஒட்டவைக்காது.

தாக்கியது நிரூபணமாகி, அந்தத் தாக்குதலால்தான் இறந்தார் என்பது நிரூபணமாகாமல் போனால்? அப்போது கொலைக் குற்றம் நிற்காது. காயப்படுத்திய குற்றத்துக்கான தண்டனையோடு வழக்கு முடிந்துவிடக் கூடும். மரணக் காரணம் தெரியாமல் போவதன் விலை இது.

ஷரீஅத்தில் இந்தக் கேள்வி

ஆய்வகங்கள் இல்லாத காலத்தில் நம் முன்னோர்களான சட்ட அறிஞர்களும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். சூழ்நிலைத் தடயத்தை அரபியில் 'கரீனா' என்பார்கள். சூரா யூசுஃபில் இதற்கு இரு உதாரணங்கள் உண்டு. சகோதரர்கள் பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்தபோது (12:18) யஅகூப் (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. ஓநாய் தின்றதாகச் சொல்லப்பட்டவரின் சட்டை கிழியாமல் இருந்ததை அவர்கள் கவனித்தார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். பின்னர், யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே அவர்களின் தூய்மைக்குச் சான்றானது (12:26-28). தடயம் பொய்யையும் காட்டிக்கொடுத்தது, நிரபராதியையும் காப்பாற்றியது.

இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 'அத்துருகுல் ஹுக்மிய்யா' என்ற நூலில் அலீ (ரலி) அவர்களின் ஒரு விசாரணையைப் பதிவு செய்கிறார்கள். சிலருடன் பயணம் சென்ற ஒருவர் திரும்பவில்லை. நோயுற்று இறந்துவிட்டார் என்றார்கள் உடன் சென்றவர்கள். மகன் நம்பவில்லை. காழி ஷுரைஹ் அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். வழக்கு அலீ (ரலி) அவர்களிடம் வந்தது. அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பிரித்து நிறுத்திக் கேட்டார்கள். எந்த நாளில் புறப்பட்டீர்கள், எந்த இடத்தில் இறந்தார், என்ன நோய், குளிப்பாட்டியவர் யார், தொழவைத்தவர் யார், எங்கே அடக்கினீர்கள்? பதில்கள் முரண்பட்டன. இறுதியில் கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். உடலும் இல்லை, மருத்துவரும் இல்லை. குறுக்கு விசாரணை ஒன்றே மரணத்தின் காரணத்தை வெளிக்கொணர்ந்தது.

அதே நூலில் எச்சரிக்கையான இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பாழடைந்த இடத்தில் ஒரு பிணத்தின் அருகே, இரத்தம் தோய்ந்த கத்தியோடு ஒருவர் பிடிபட்டார். இந்த நிலையில் யார் நம்பப்போகிறார்கள் என்று அஞ்சி, தானே கொன்றதாகவும் சொல்லிவிட்டார். தண்டனை நிறைவேறும் முன் உண்மைக் கொலையாளி ஓடிவந்து ஒப்புக்கொண்டார். முதலில் பிடிபட்டவரோ கசாப்புக்காரர். மாட்டை அறுத்துவிட்டு, சிறுநீர் கழிக்க அங்கே ஒதுங்கியவர். தடயமும் வாக்குமூலமும் சேர்ந்தே தவறாகக் கூடும் என்பதற்கு இது பாடம்.

ஃபிக்ஹு நூல்களில் மரணக் காரணம்

ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களில் மரணக் காரணம் பற்றிய நுட்பமான விதிகள் உள்ளன. ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்தி, அவர் படுத்த படுக்கையாகவே இருந்து இறந்துபோனால், மரணம் அந்தக் காயத்தோடுதான் இணைக்கப்படும். இடையில் வேறு காரணம் எதுவும் வெளிப்படாத வரை காயப்படுத்தியவரே பொறுப்பு. இன்றைய மொழியில் சொன்னால், காரணத்தொடர் அறுபடவில்லை என்ற வாதம் இது.

ஒரு மஹல்லாவில் உடல் கிடந்து, கொன்றவர் யாரென்று தெரியாவிட்டால் 'கஸாமா' என்னும் ஐம்பது சத்தியங்களின் முறை உண்டு. ஆனால் அதற்கும் உடலில் கொலையின் அடையாளம் வேண்டும் என்கிறார்கள் ஹனஃபி அறிஞர்கள். காயம், அடி, கழுத்தை நெரித்த தடம் போன்றவை அடையாளங்கள். கண்ணிலிருந்தோ காதிலிருந்தோ இரத்தம் வந்திருந்தால் அது அடையாளம். மூக்கிலிருந்து வந்தால் அல்ல, ஏனெனில் அது நோயாலும் வரும். எந்த அடையாளமும் இல்லை என்றால் கஸாமாவும் இல்லை, தியத் என்னும் இழப்பீடும் இல்லை. இயற்கை மரணமாக இருக்க வாய்ப்புள்ள இடத்தில் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். கஸாமாவின் மற்ற விவரங்களில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு.

கஸாமாவுக்கு அடிப்படையான நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) கைபரில் கொல்லப்பட்டுக் கிடந்தார். உறவினர்கள் அங்கிருந்த யூதர்கள்மீது குற்றம் சாட்டினார்கள். சத்தியம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, நேரில் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வது என்றார்கள். எதிர்த்தரப்பின் சத்தியத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. முடிவில் நபி (ஸல்) அவர்கள் தாமே நூறு ஒட்டகங்களை இழப்பீடாகக் கொடுத்தார்கள். நிரூபணம் இல்லாததால் எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே நேரம் ஒரு முஸ்லிமின் இரத்தம் கேட்பாரற்று வீணாகவும் இல்லை. இரண்டையும் ஒருசேரக் காத்ததுதான் நபிவழி.

பிரேதப் பரிசோதனையை எதிர்க்கலாமா?

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் உள்ளது. இதைச் சொல்லியே பலர் பரிசோதனையை மறுக்கிறார்கள். மையித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்பது உண்மை. ஆனால் தேவை ஏற்படும்போது விதி தளரும் என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை. குற்ற வழக்கில் மரணத்தின் காரணத்தை அறிய வேறு வழி இல்லாதபோது உடற்கூறாய்வு கூடும் என்று மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹு சபை 1987இல் தீர்மானித்தது. ஒரு கொலையை மூடிவிடுவதும், நிரபராதி ஒருவரைச் சந்தேகத்திலேயே வாழவைப்பதும் மையித்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனவே சந்தேகத்துக்குரிய மரணம் என்றால் ஜமாஅத் நிர்வாகிகளும் குடும்பத்தாரும் இவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்:

• குளிப்பாட்டும் முன் காவல்துறைக்குத் தகவல் கொடுங்கள். குளிப்பாட்டினால் தடயம் போய்விடும். உடையையும் படுக்கையையும் அப்படியே வைத்திருங்கள்.

• திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கிடமாக இறந்தாலோ பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். "குடும்ப மானம்" என்று சொல்லி இதைத் தடுப்பவர்கள் அந்தப் பெண்ணுக்கு அநீதி இழைக்கிறார்கள்.

• அடக்கம் முடிந்துவிட்டாலும் வழி அடைந்துவிடவில்லை. நிர்வாக நடுவரின் உத்தரவுப்படி உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நாள் செல்லச் செல்லத் தடயம் அழியும்.

• குளிப்பாட்டியவர்கள் உடலில் கண்ட தழும்பை மறைக்கக் கூடாது. மையித்தின் குறையை மறைப்பது வேறு, கொலையின் தடயத்தை மறைப்பது வேறு. அவர்களே வழக்கின் முக்கியச் சாட்சியாகக் கூடும்.

• விசாரணை முடியும் முன் யாரையும் கொலைகாரர் என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது குர்ஆன் (49:6).

ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொல்வது போன்றது, ஓர் உயிரை வாழவைப்பது எல்லோரையும் வாழவைப்பது போன்றது என்ற கருத்தை 5:32 வசனம் தருகிறது. கொல்லப்பட்டவருக்கு நீதி கேட்பதும், கொல்லாதவரைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பதும் இந்த ஒரே வசனத்தின் இரு பக்கங்கள். மரணத்தின் காரணத்தை உள்ளபடி அறிந்துகொள்ளும்போதுதான் இந்த இரண்டு கடமைகளையும் நம்மால் நிறைவேற்ற முடியும். ஜனாஸாவைச் சில மணி நேரம் தாமதிப்பதால் அது கிடைக்கும் என்றால், அந்தத் தாமதம் குற்றமல்ல, கடமை.

நீதியின் பக்கம் நின்று உண்மைக்குச் சாட்சி சொல்வோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.